திரையில் அரக்கு, தாளில் செங்கல்: 11,400 ரூபாய் போச்சு

நேற்று மாலைதான் ஃபோட்டோ பிரிண்ட் பார்சல் வந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நானே எடுத்த 36 படங்கள், கூடத்தில் மாட்ட 20க்கு 30 அங்குலத்தில் ஒன்று. ஆன்லைனில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்பும் ஒரு பிரிண்ட் லேபில் கொடுத்தேன். 11,400 ரூபாய், முழுவதும் முன்பணம். அதில் 1,500 'கலர் மேட்ச்'சுக்கு, அதாவது திரையில் தெரியும் நிறத்தையே தாளில் கொண்டுவருவதற்கு மட்டும்.

அடோபி ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் நிறங்களை எண்களாகக் குறிக்கும் முறைகள்; முன்னதில் நிறங்கள் அதிகம், பின்னதுதான் பொதுவாகப் புழங்குவது. ஃபைல் எந்த முறையில் இருக்கிறது என்று அதில் ஒட்டியிருக்கும் குறிப்புதான் ப்ரொஃபைல். பணம் கட்டும் முன் போனில் கேட்டேன்: "ஃபைல் எல்லாம் அடோபி ஆர்ஜிபியில் இருக்கு, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி அனுப்பட்டுமா?" "வேண்டாம் சார், எங்க சிஸ்டம் ப்ரொஃபைலைப் படிச்சுக்கும். மானிட்டர்ல பார்க்கிறதுதான் பேப்பர்ல வரும்" என்றார் அந்தத் தம்பி. கேள்வி புரிந்து பதில் சொல்கிறாரே என்று நம்பினேன். அந்தப் பதிலுக்காகவே ஊரில் பழகிய லேபை விட்டேன்.

பிரித்துப் பார்த்தால், அம்மாவின் அரக்குக் கூறைப்புடவை வெளுத்த செங்கல் நிறத்தில் இருக்கிறது. வாழையிலை வாடிக் கிடக்கிறது. மஞ்சள் பூசிய முகத்தில் சாம்பல் படிந்த மாதிரி. பெரிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

போன் செய்தால், "உங்க மானிட்டர் சரியில்லை சார்." கருவி வைத்து மானிட்டரின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்த (6500 கெல்வின், 100 கேண்டெலாவுக்குக் கேலிபரேட் செய்த) அறிக்கையை அனுப்பினேன். அடுத்து, "ஸ்கிரீனுக்கும் பேப்பருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்." இருக்கும், தாளில் கொஞ்சம் மங்கும். அதற்காக அரக்கு செங்கல் ஆகுமா?

ராத்திரி அதே ஃபைலைத் திறந்து, எண்களை மாற்றாமல், அதாவது கன்வர்ட் செய்யாமல், எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலை மேலே ஒட்ட மட்டும் செய்தேன் (அசைன்). அச்சு அசலாக அதே செங்கல் நிறம்! ப்ரொஃபைலைப் படிக்காமலேயே அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், "கஸ்டம் ஆர்டருக்கு ரீஃபண்ட் இல்லை" என்று புகாரையே மூடிவிட்டார்கள். 11,400 ரூபாய்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்தே அனுப்புங்கள். அவர்கள் தாளில் நிறம் எப்படி விழும் என்று காட்டும் ஐசிசி ப்ரொஃபைல் என்ற ஃபைலைக் கேளுங்கள், மழுப்பினால் வேண்டாம். முதலில் ஒரே ஒரு சின்ன பிரிண்ட் போட்டு, பகலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். போனில் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள், என்னிடம் அது இல்லை. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள்.