ஆறு ஆண்டுகள், ஒரே ஹெட்போன்: விளையாட்டுக்கும் இசைப்பதிவுக்கும்

2019 ஜூலையில் வாங்கிய பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ (80 ஓம்) ஹெட்போன் இன்றும் என் மேசையில்தான் இருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் வீட்டு மாடியறையில் கூத்துப் பாடல்களையும் திருவிழாப் பாடல்களையும் பதிவு செய்து மிக்ஸிங் செய்வது (ஒவ்வொரு கருவியின் ஒலி அளவையும் சமன்படுத்திச் சேர்ப்பது) என் பகல் வேலை; இரவு பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு கவுண்டர் ஸ்ட்ரைக், வாலரன்ட் போன்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள். இரண்டுக்கும் இந்த ஒன்றுதான். ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் என்று கணக்கிட்டால்கூடப் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகளில் எது உடையும், எது உதிரும், எதைக் கடையில் கொடுத்துச் சரிசெய்யலாம் என்பதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை என்பதால்தான் இவ்வளவு காலம் கழித்து இதை எழுதுகிறேன்.

இதற்கு முன் வைத்திருந்தது விளையாட்டுக்கென்றே விற்கப்பட்ட, பக்கவாட்டில் விளக்கு எரியும் ஒரு ஹெட்செட். விலை 2,300 ரூபாய். பதினான்கு மாதம் உழைத்தது. எட்டாவது மாதத்தில் காதுக் குஷனின் கறுப்புத் தோல் செதில் செதிலாக உதிரத் தொடங்கி, வெள்ளைச் சட்டையின் காலரிலும் காது மடலிலும் மிளகுத்தூள் போல ஒட்டிக்கொண்டது. பிறகு, காதுக் கிண்ணத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கவை திருகு இறங்கும் இடத்தில் விரிசல் விட்டது. கூரியரில் அனுப்பியபோது, 'பயன்படுத்தியவரால் நேர்ந்த சேதம்' என்று எழுதி அப்படியே திருப்பி அனுப்பினார்கள். ஆத்திரத்தில் ஒயரை வெட்டிப் பார்த்தேன்: தலைமுடியை விட மெல்லிய செப்பிழைகள், சிவப்பும் பச்சையுமாக அரக்குப் பூசி, நடுவே நைலான் நூலைச் சுற்றிப் போடப்பட்டிருந்தன. அந்த அரக்கைச் சுட்டு நீக்காமல் ஈயம் பிடிக்காது. சுட்டால் நூல் உருகி இழைகளும் அறுந்துபோகின்றன. மறுபடி சரிசெய்வார்கள் என்ற எண்ணமே இல்லாமல் செய்யப்பட்ட பொருள் அது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உதிர்ந்த அந்தத் தோல் உண்மையில் தோலே அல்ல, துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன். ஈரப்பதமும் வியர்வையும் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கின்றன. வெப்பம் கூடினால் அது இன்னும் விரைவாக நடக்கும். சித்திரை மாதத்தில் ஓட்டு வீட்டு மாடியறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கில் அதன் சத்தம் விழுந்துவிடும் என்பதற்காக வியர்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் குஷன் எத்தனை நாள் தாங்கும்? ஆகவே இரண்டாம் முறை வாங்கும்போது, உலோகச் சட்டமா பிளாஸ்டிக் சட்டமா என்ற கேள்வியை விட்டுவிட்டு, தேயப் போகும் ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைக்குமா, அதை நானே கழற்றி மாட்ட முடியுமா என்று கேட்டேன். நீடித்த உழைப்பு என்பதற்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்.

அன்று என் பட்டியலில் நான்கு இருந்தன. ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2-க்கு அலுமினியச் சட்டமும் கழற்றக்கூடிய மைக்கும் இருந்ததால், விளையாட்டு மட்டும் என்றால் அதையே எடுத்திருப்பேன். 1991 முதல் பதிவுக் கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் புழங்கிவரும் சோனி எம்டிஆர் 7506 எடை குறைவு, மடக்கி வைக்கலாம். 2014-இல் வந்த ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸில் ஒயரையே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு வசதிக்காக அதை வாங்கிவிடலாமா என்று இரண்டு வாரம் தடுமாறினேன். ஆனால் இந்த இரண்டின் குஷனும் தோல் போன்ற பூச்சு கொண்டவை. டிடி 770-இன் 80 ஓம் வகையில் குஷன் வெல்வெட் போன்ற வெலூர் துணி; தலைப்பட்டையின் மெத்தை அழுத்துபட்டன்களால் மாட்டப்பட்டது; சட்டம் வில் போல வளைந்து நிமிரும் எஃகு. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

ஓம் கணக்கில்தான், அதாவது ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவில்தான், பலர் தடுக்கி விழுகிறார்கள். இதே ஹெட்போன் 32, 80, 250 ஓம் என மூன்று வகையாகக் கிடைக்கிறது. எண் பெரிதானால் தரம் பெரிது என்று கடைக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. ஒரு மில்லிவாட் கொடுத்தால் இது ஏறத்தாழ 96 டெசிபெல் ஒலிக்கிறது. அந்த ஒரு மில்லிவாட்டைத் தள்ளுவதற்கு 32 ஓமுக்கு 0.18 வோல்ட், 80 ஓமுக்கு 0.28 வோல்ட், 250 ஓமுக்கு 0.5 வோல்ட் தேவைப்படுகிறது. தபேலாவின் அடியோ துப்பாக்கிச் சத்தமோ திடீரென்று எழும்போது அதைப் போலப் பத்து மடங்கு திறன் தேவை என்று வைத்துக்கொண்டால், 80 ஓமுக்கு 0.9 வோல்ட்டும் 250 ஓமுக்கு 1.6 வோல்ட்டும் ஆகும். செல்போனால் இரண்டாவதை எட்டுவது கடினம். மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி என்னிடம் இருந்ததால் 80 ஓம் பொருந்தியது. செல்போனும் மடிக்கணினியும் மட்டுமே வைத்திருப்பவர்கள் 32 ஓம் வாங்குவதே முறை.

ஒயர் இல்லாதது ஏன் வேண்டாம் என்பதை ஒரே கணக்கில் சொல்லிவிடலாம். சாதாரண புளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 200 மில்லி விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 120 தாள அடிகள் விழும் பாட்டில் ஓர் அடியின் கால்பாகமே 125 மில்லி விநாடிதான். கீபோர்டில் விரல் வைத்து அடுத்த ஸ்வரத்துக்குப் போன பிறகுதான் முந்தைய ஸ்வரம் கேட்கும் என்றால் எதை வாசிப்பது? மைக்கையும் சேர்த்து இயக்கினால் புளூடூத் அழைப்பு முறைக்கு மாறிப் பாட்டின் ஒலியே தொலைபேசிக் குரல் போலத் தேய்ந்துவிடுகிறது. கணினியில் சொருகும் டாங்கிள் என்ற தனிச் சிறு கருவியுடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டுகளில் தாமதம் மிகக் குறைவு, விளையாட்டுக்குப் போதும். ஆனால் அவற்றின் லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் சோர்ந்துபோகும். குஷனை மாற்றுவது போல அதை மாற்ற முடிவதில்லை.

இசை வேலையில் இந்த ஹெட்போன் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் கொஞ்சம் கசப்பானது. எட்டாயிரம் ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இது சற்றுத் தூக்கலாக ஒலிக்கும். தாழ்ந்த அடித்தொனியிலும் ஒரு தாராளம் உண்டு. பலரும் அளந்து சொல்லியிருக்கும் இந்தச் செய்தியைப் படித்திருந்தும் நான் பொருட்படுத்தவில்லை. 2020 தொடக்கத்தில், பெண்ணாகரம் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றின் பாடல்களைப் பதிவு செய்தேன். முகவீணை (நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி), ஆர்மோனியம், மிருதங்கம், கையில் தட்டும் தாளம். முகவீணை இயல்பிலேயே காதைத் துளைப்பது. அதனோடு தாளத்தின் கிணுகிணுப்பும் சேர்ந்துகொண்டதால் ஹெட்போனில் கேட்கக் கூசியது. தாளத்தை நாலு டெசிபெல் குறைத்தேன், மறுநாள் இன்னும் இரண்டு. மாடியறையில் கேட்க மிகவும் இதமாக இருந்தது. பிறகு ஊர்த் திடலில் மைக் செட்காரரின் பெட்டிகளில் அதைப் போட்டபோது, முகவீணை மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தது. கூத்து வாத்தியார் என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, தாளம் எங்க போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஹெட்போன் என்னை ஏமாற்றவில்லை. அதன் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளாமல் அதை நம்பியது என் தவறு.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வேலையைத் தொடங்குமுன், திடலிலும் காரிலும் வீட்டிலும் பலமுறை கேட்டு எனக்கு நன்கு பழகிய இரண்டு பாடல்களை இதில் ஐந்து நிமிடம் கேட்கிறேன். காது அந்தத் தூக்கலுக்குப் பழகிக்கொள்கிறது. இறுதி மிக்ஸை எப்போதும் சாதாரண ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்காமல் அனுப்புவதில்லை. மூடிய அமைப்பு என்பதால், பாடகர் இதை மாட்டிக்கொண்டு பாடும்போது, தாளம் தவறாமலிருக்க அவர் காதில் ஒலிக்கும் கிளிக் சத்தம் கசிந்து மைக்கில் விழுவதும் இல்லை.

வெளிச் சத்தத்தை இது எவ்வளவு மறைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் அளவு சுமார் 18 டெசிபெல். பேச்சும் பறவைச் சத்தமும் நன்றாகவே மறைகின்றன. ஆனால் மே, ஜூன் மாதங்களில் பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளின் அடித்தொனி உறுமல் அப்படியே உள்ளே வந்துவிடும். காதை மூடும் எந்தக் குஷனுக்கும் தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுப்பது எளிதல்ல. மாம்பழப் பருவத்தில் நான் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளின் வேலையை நள்ளிரவுக்குத் தள்ளி வைத்துவிடுகிறேன்.

விளையாட்டில் இதற்குக் குறை என்று சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. காலடிச் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை மூளை இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தே பெருமளவு கண்டுபிடிக்கிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சமாகவே 0.7 மில்லி விநாடிக்குள்தான். அதற்கு நல்ல இரண்டு ஸ்பீக்கர்கள் போதும். சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர்கள் இருப்பது போல ஒலிக்கும் என்ற பொருளில் பெட்டியில் '7.1' என்று அச்சிட்டு விற்கப்படும் ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் இரண்டே ஸ்பீக்கர்கள்தாம். மீதி மென்பொருள் வேலை. விளையாட்டுக்குள்ளேயே எச்ஆர்டிஎஃப் (ஒலி வரும் திசையைக் காதுக்கு ஏற்பக் கணக்கிட்டுக் காட்டும் முறை) வசதி இருக்கும்போது, அதன் மேல் இன்னொரு மென்பொருளைப் போட்டால் திசை குழம்புகிறது. நான் விளையாட்டின் வசதியை மட்டும் போட்டுக்கொண்டு மற்றதை அணைத்துவிட்டேன். இதில் மைக் இல்லை என்பது பலருக்குத் தடையாக இருக்கலாம். பாடல் பதிவுக்கு வைத்திருக்கும் டைனமிக் மைக்கே எனக்கு நண்பர்களோடு பேசவும் உதவுகிறது. கூடுதல் செலவு, கூடுதல் இடம். ஆனால் மைக் கெட்டால் ஹெட்போனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

பராமரிப்பு எளிது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குஷனைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு கலந்து அலசி, நிழலில் ஒரு நாள் முழுதும் உலர்த்துகிறேன். குஷனின் ஓரத்தைக் கிண்ணத்தின் பள்ளத்துக்குள் நுழைப்பது முதல் இரண்டு முறை தலையணை உறை மாட்டுவதை விட எரிச்சலான வேலை. பிறகு கை பழகிவிடும். வெலூர் உதிரவில்லை, ஆனால் உள்ளிருக்கும் பஞ்சு தட்டையாகிறது. தட்டையானால் காது ஸ்பீக்கருக்கு அருகில் போய் ஒலியின் தன்மையே மாறுவதால், இரண்டு முறை புதுக் குஷன் வாங்கி மாற்றினேன்.

இதன் ஒயரைக் கழற்ற முடியாது. எனக்கு நேர்ந்த ஒரே விபத்தும் அதில்தான். 2022-இல் நாற்காலிச் சக்கரத்தை நானே ஒயரின் மேல் ஏற்றிப் பின்னோக்கி நகர்ந்தேன். கருவியில் சொருகும் பின்னுக்கு அருகில் ஒயரின் இழை அறுந்து, ஒயரை அசைத்தால்தான் இடது பக்கம் கேட்டது. கிருஷ்ணகிரியில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் ஓர் அண்ணன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, "ஒயர்ல உயிர் இருக்குது தம்பி, பின்தான் போயிருக்குது" என்றார். மூன்று அங்குலம் வெட்டி, தோலை உரித்து, உலோக உறையுள்ள புதுப் பின்னை வைத்து ஈயம் பற்றவைத்தார். இருபது நிமிடம், 150 ரூபாய். பழைய பின்னில் இருந்த மரை புதியதில் இல்லாததால் 6.35 மில்லிமீட்டர் அடாப்டரைத் திருக முடியவில்லை. சொருகும் வகை ஒன்றைத் தனியாக வாங்கினேன். மூன்று ஆண்டுகளாக அந்தப் பற்றவைப்பு அசையவில்லை.

குறை என்றால் வெயில்தான். 270 கிராம் எடை தலையை வருத்துவதில்லை, ஆனால் ஏப்ரல் பிற்பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காதைத் துடைக்க வேண்டியிருக்கிறது. மேலும், வாங்கும்போது பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்ததை வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

சென்ற மாதம் அக்கா மகன் ஓசூரில் கல்லூரி விடுதிக்குக் கிளம்பும்போது, தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். அவனிடம் மடிக்கணினி மட்டுமே இருப்பதால் 32 ஓம் வகையையும் சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்றையும் எழுதிக் கொடுத்து, ஓம் கணக்கு முதல் குஷன் துவைப்பது வரை அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் ஹெட்போனை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இதுல லைட்டே எரியாதா மாமா?" என்றான்.