கையடக்க வி.எல்.எஃப் ரிசீவர்: ஆறு மாதம் கேட்ட பிறகு

மிகத் தாழ்ந்த அதிர்வெண் (வி.எல்.எஃப்) ரேடியோ அலைகளைப் பிடித்துக் காதில் ஒலியாகக் கேட்கவைக்கும் இந்தப் பெட்டியை வாங்கக் காரணம் 1985-இல் சேலஞ்சர் விண்ணோடத்தில் நடந்த ஒரு சோதனை. ஸ்பேஸ்லேப்-2 பயணத்தில் 1,000 வோல்ட் துப்பாக்கியால், மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்துக்குள் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினார்கள். ஓடத்தை விட்டுத் தனியே மிதந்த அயோவா பல்கலைக்கழகக் கருவி, அந்தக் கற்றையிலிருந்து கிளம்பிய ரேடியோ அலைகளைப் பதிவு செய்தது. நேரத்தையும் அதிர்வெண்ணையும் காட்டும் வரைபடத்தில் அவை புனல் வடிவத்தில் தெரிந்தன. துருவ ஒளிப் பகுதியில் இயற்கையாக எழும் 'ஹிஸ்' இரைச்சலுக்கும் ஏறக்குறைய அதே வடிவம்தான். இதைப் படித்ததிலிருந்து அந்த அலைகளைக் காதால் கேட்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

பெட்டியோடு வந்த தாளில் 'எலெக்ட்ரான் கற்றைகளின் ஒலியை வீட்டிலிருந்தே கேட்கலாம்' என்று போட்டிருக்கிறார்கள். இது தவறு, திருத்தியே ஆக வேண்டும். கற்றையின் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் சுமார் 6 சதவீதத்தில்தான் போகின்றன. ஆனால் அங்குள்ள மின்னூட்டத் துகள் கூட்டத்துக்குள் (பிளாஸ்மா), அந்தப் புனல் அலைகள் சேர்ந்த 'விசிலர்' (சீழ்க்கை) வகை அலைகள் அதைவிட மெதுவாகக்கூடப் போகும். அதனால்தான் கற்றை அவற்றுக்கு ஆற்றல் கொடுக்க முடிகிறது. எலெக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொண்டால் அலை இன்னும் பலமாகும். இதெல்லாம் மேலே, கற்றைக்குப் பக்கத்தில் நடப்பது. கையில் இருக்கும் பெட்டிக்கு எட்டாது.

எட்டுவது அதே விசிலர் குடும்பத்தில் மின்னல் பெற்ற பிள்ளை. மின்னலின் துடிப்பு பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மறு அரைக்கோளத்துக்குப் போகும்போது உயர் அதிர்வெண்கள் முந்திவிடும், தாழ்ந்தவை பின்தங்கும். காதில் 'ஃப்யூ...' என்று இறங்கும் சீழ்க்கை. ஆறு மாதத்தில் நான் தெளிவாகக் கேட்டது நான்கே நான்கு, எல்லாமே விடியலுக்கு முன். முதலாவதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குள் மின்கம்பியின் ரீங்காரத்தைத் தவிர எதுவும் கேட்காது. கம்பிகளை விட்டு நன்றாகத் தள்ளி, வெட்டவெளிக்குப் போக வேண்டும். பெட்டியின் உலோக உடலைக் கையால் பிடித்தால்தான் நிலத்தொடர்பு கிடைக்கும். கையுறை போட்டால் ஒலி மங்கிவிடுகிறது. ஹெட்போன் கம்பி ஆன்டெனாவுக்கு அருகில் வந்தால் கீச்சிடும், அதைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யத் தனி வெளியீடு கொடுத்தது நல்ல வேலை. பதிந்ததை ஸ்பெக்ட்ரோகிராமில் (நேரம்-அதிர்வெண் வரைபடம்) போட்டால், மின்னல் துடிப்பு தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே எதிரொலித்து வரும் 'ட்வீக்' ஒலிகள் இரவில் 1.7 கிலோஹெர்ட்ஸ் அருகே கொக்கி போல வளைவது அப்படியே தெரிகிறது.