கிரவல் றோட்டுக்கு ஏ.ரி ரயரா, எச்.ரி ரயரா?

ஏ9 வீதியிலும் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலும் மட்டும் ஓடுகிற டபிள்கெப்புக்கு எச்.ரி (HT, தார் வீதிக்கான) ரயரே போதும். சத்தம் குறைவு, டீசலும் கொஞ்சம் மிச்சம், ஈரத் தாரில் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

முத்தையன்கட்டுப் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ கிரவல் கிடங்குப் பாதையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஏ.ரி (AT, தாருக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான ரயர்) தான். எங்கள் வண்டியிலும் அதுதான் பூட்டியிருக்கிறது. பிடிமானத்துக்காக அல்ல, காய்ந்த கிரவலில் எச்.ரியும் ஏறும். பயப்பட வேண்டியது ரயரின் பக்கச்சுவருக்குத்தான். மாரியில் ரிப்பர்கள் உழுதுவிட்ட சில்லுத்தடம் கோடையில் கல்லாக இறுகிவிடும். அந்த விளிம்பை உரசிக்கொண்டு போகும்போது நீட்டி நிற்கிற வெங்கச்சங்கல் ரயரைக் கீறும். காட்டோரம் கத்தியால் சரித்து வெட்டிய வீரை அடிக்கட்டை அதைவிட மோசம். மிதிக்கிற பக்கத்தில் ஏறிய விடத்தல் முள்ளென்றால் பிளக் வைத்து ஓடலாம். பக்கச்சுவரோ சில்லு உருளும்போதெல்லாம் வளைந்து நிமிர்கிற இடம். அங்கே பிளக் நிற்காது, ரயரையே மாற்ற வேண்டும்.

அதனால் ஏ.ரி என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மெல்லிய பக்கச்சுவரோடும் ஏ.ரி வருகிறது. 265/65 ஆர்17 போன்ற அளவுக்கு முன்னால் 'எல்.ரி' (LT, பாரவண்டிக்கான தடித்த ரயர்) என்று இருக்கிறதா பாருங்கள். பக்கச்சுவரில் DOT என்று தொடங்குகிற குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள்: 2324 என்றால் 2024இன் 23ஆம் கிழமை செய்தது.

எல்.ரியின் குறை விறைப்பு. வெறும் வண்டி அலையலையான கிரவலில் துள்ளும். காற்றை 35 psi-இலிருந்து 26 அளவுக்கு இறக்கி, மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் ஓடாமல் விட்டால் அடங்கும். பாரம் ஏற்றியிருந்தால் இறக்க வேண்டாம். கட்டைகள் நிற்கிற காட்டோரத்திலும் வேண்டாம். காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி வெட்டுக்கு முகம் கொடுக்கும். தாருக்கு ஏற முன் திரும்ப அடித்துவிடுங்கள்.

மார்கழிக் களிமண் சேற்றுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. ரயரின் காடிகளில் களிமண் அடைந்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் வழுக்கும்.

ஸ்பெயரையும் அதே அளவில் போடுங்கள். விட்டம் வேறான சில்லோடு ஃபோர்வீல் போட்டுத் தாரில் ஓடினால் கியர்ப்பெட்டிக்கும் டிஃபரன்சியலுக்கும் கேடு. அடியில் தொங்குகிற ஸ்பெயரின் செயின் கிரவல் தூசியில் இறுகிவிடும். மாரிக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம் இறக்கி, எண்ணெய் விட்டு, காற்றையும் பார்த்து ஏற்றுங்கள்.