வரிசையாக வாசித்தபோது: பழைய அறிவியல் புனைகதைகளோடு 9 வருடங்கள்

என் குறிப்பேட்டில் கடைசியாக விழுந்திருக்கும் எண் 62. கடந்த 9 வருடங்களில் முழுதாக வாசித்து முடித்த பழைய அறிவியல் புனைகதை நாவல்களின் கணக்கு அது. பாதியில் விட்டவை தனி, அவையும் ஒரு பதினைந்து இருக்கும். ஒவ்வொரு நாவலையும் முடித்ததும் தேதி போட்டு நாலைந்து வரி எழுதி வைப்பது பழக்கம். இதை எழுத உட்கார்ந்தபோது அந்தக் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். முதல் 2 வருடக் குறிப்புகளையும் அதற்குப் பிந்தையவற்றையும் ஒரே ஆள் எழுதியதாக நம்ப முடியவில்லை. நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: வாசிக்கும் வரிசை.

ஆரம்பத்தில் 'கட்டாயம் வாசிக்க வேண்டிய 100' மாதிரியான பட்டியல்களை வைத்துக்கொண்டுதான் புத்தகம் எடுத்தேன். முதலில் எடுத்தது ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965). 2 முறை தொடங்கி, 2 முறையும் நூறு பக்கத்துக்குள் மூடி வைத்தேன். நாவலின் பின்னால் ஒரு சொல் விளக்கப் பகுதி இருக்கிறது. புதுச் சொல் வரும்போதெல்லாம் அங்கே ஓடிப் பார்த்துவிட்டு வருவேன், அதற்குள் கதை அறுந்துபோயிருக்கும். மூன்றாம் முறை அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை என்று முடிவு செய்தேன். ஒரு சொல் புரியவில்லையா, சரி, போகட்டும். பால் அட்ரெய்டிஸ் என்ற அந்தப் பையனும் புதுக் கிரகத்தில் வந்து இறங்கியவன்தானே, அவனோடு சேர்ந்து தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இருநூறாவது பக்கத்தில் பார்த்தால் அத்தனை சொற்களும் பழகியிருந்தன. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம் வெளியிட்ட நாவல் இது. பொறுமையாக வாசிக்க ஓர் ஆள் கிடைத்தது நம் அதிர்ஷ்டம்.

ஆனால் பட்டியல் வாசிப்பில் ஒரு குறை இருந்தது. 1968 நாவலுக்கு அப்புறம் 1932 நாவல், அதற்கு அப்புறம் 1951 நாவல் என்று தாவிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டில் "பிடித்திருக்கிறது", "இழுவை", "முடிவு எதிர்பார்த்ததுதான்" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. மூன்றாம் வருடம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெளியான வருட வரிசைப்படி 1818-இலிருந்து தொடங்கினேன்.

1818 என்றால் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1815-இல் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, அடுத்த வருடம் ஐரோப்பாவின் பல பகுதிகளில் கோடையே சரியாக வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அடைந்து கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டதில் பிறந்தது இது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. உறுமிக்கொண்டு திரியும் ஓர் ஊமைப் பூதத்தை எதிர்பார்த்துத்தான் நான் புத்தகத்தைத் திறந்தேன். அது பேசுகிறது. ஒரு குடும்பத்தை ஒளிந்திருந்து கவனித்து மொழி கற்கிறது, மில்டனின் காவியத்தை வாசிக்கிறது, தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கிறது. "தப்பு செய்தவன் படைத்தவன். படைத்துவிட்டு, பார்க்கச் சகிக்காமல் ஓடிவிட்டான்" என்று அன்றைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' (1895) ஒரே இரவில் முடிக்கக்கூடிய சின்ன நாவல். காலப்பயணி 8,02,701-ஆம் வருடத்தில் போய் இறங்குகிறான். அங்கே விளையாடித் திரியும் மென்மையான மனிதர்களைப் பார்த்ததும், மனிதகுலம் தன் பிரச்சினைகளையெல்லாம் தீர்த்துவிட்டது என்று ஒரு முடிவுக்கு வருகிறான். நிலத்தடியில் வாழும் மோர்லாக்குகளைக் கண்டதும் அந்த முடிவு உடைகிறது. அவர்கள் எதைத் தின்கிறார்கள் என்று தெரிந்ததும் இன்னொரு முறை உடைகிறது. நான் நினைத்தது தவறு என்று அவனே சொல்லிச் சொல்லித்தான் கதை நகர்கிறது. அறிவியல் புனைகதையில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்த இயந்திரத்தை விட்டுவிட்டு இந்தத் திருத்தங்களைத்தான் காட்டுவேன். வெல்ஸ் டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தவர். அந்தப் பயிற்சி இந்தக் கதையின் நடையிலேயே இருக்கிறது.

வரிசையின் பலன் முழுதாகத் தெரிந்தது வேற்றுக்கிரகவாசிகள் விஷயத்தில். வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (1898) முதல் அத்தியாயத்திலேயே ஒரு நினைவூட்டல் வருகிறது: செவ்வாய்வாசிகளைக் கொடூரமானவர்கள் என்று சொல்லும் முன், ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனிய மக்களை என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்கிறார். மற்றவர்களுக்கு நாம் செய்தது நமக்கே நடந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் நாவல். 55 வருடம் கழித்து ஆர்தர் சி. கிளார்க் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' (1953) எழுதுகிறார். அதிலும் பெரிய நகரங்களின் மேல் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஆனால் வந்தவர்கள் போரை நிறுத்துகிறார்கள், வறுமையைப் போக்குகிறார்கள், தங்கள் உருவத்தை மட்டும் 50 வருடம் காட்ட மறுக்கிறார்கள். நல்லது செய்ய வந்தவர்களிடம் நாம் எதை இழப்போம் என்று கேள்வி மாறிவிட்டது. ஸ்டானிஸ்லாவ் லெமின் 'சொலாரிஸ்' (1961) இன்னொரு பக்கம் போகிறது. ஒரு கிரகத்தை மூடியிருக்கும் கடல் முழுவதும் ஒரே உயிர். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் அதை ஆராய்ந்து ஒரு நூலகம் நிறைய எழுதிவிட்டார்கள், ஆனாலும் அது என்ன என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ரோட்சைட் பிக்னிக்' (1972) நாவலில் வந்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். வழிப்போக்கர்கள் சாலையோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு விட்டுச்சென்ற மிச்சங்களைச் சுற்றி எறும்புகள் மொய்ப்பது மாதிரி, அவர்கள் போட்டுவிட்டுப் போன பொருட்களைச் சுற்றி மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் 1973, மறுபடி கிளார்க், 'ரெண்டெவூ வித் ராமா'. 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் உருளை சூரிய மண்டலத்துக்குள் வருகிறது. மனிதர்கள் உள்ளே போய் நடந்து பார்க்கிறார்கள். உள்ளே ஒரு கடல் இருக்கிறது, நகரம் போன்ற கட்டடங்கள் இருக்கின்றன. கட்டியவர்களை யாரும் சந்திப்பதில்லை. இதை முதல் வருடமே பட்டியலில் பார்த்து வாசித்திருந்தேன். அன்றைய குறிப்பு: "ஒன்றுமே நடக்கவில்லை." வெல்ஸில் தொடங்கி மேற்சொன்னவற்றையெல்லாம் கடந்து இரண்டாம் முறை வந்தபோது, அந்த 'ஒன்றும் நடக்காதது' என்னை உலுக்கிவிட்டது. அழிக்க வந்தார்கள், வளர்க்க வந்தார்கள், புரியாமல் நின்றார்கள், குப்பை போட்டுவிட்டுப் போனார்கள், கடைசியில் நம்மைக் கவனிக்கவே இல்லை. 75 வருடத்தில் மனிதன் கதையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்துவிட்டான். இந்த ஐந்தையும் இதே வரிசையில், இடையில் அதிக நாள் விடாமல் வாசியுங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

யெவ்கெனி ஸமியாடினின் 'வீ' இன்னொரு கண்டுபிடிப்பு. 1920-களின் தொடக்கத்தில் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டது. முதலில் வெளியானது 1924-இல் ஆங்கிலத்தில், சோவியத் மண்ணில் அச்சானது 1988-இல்தான். கண்ணாடிச் சுவர் வீடுகள், பெயருக்குப் பதில் எண்கள், டி-503 என்ற பொறியாளனின் நாட்குறிப்பு. ஜார்ஜ் ஆர்வெல் தன் '1984' வெளிவருவதற்கு 3 வருடம் முன்பு இதற்கு மதிப்புரை எழுதியிருக்கிறார். அடுத்தடுத்து வாசித்தால் அண்ணன் தம்பி சாயல் தெரியும். தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்தேன். 'நாம்' என்றால் வாசகனும் உள்ளே, 'நாங்கள்' என்றால் வாசகன் வெளியே. நாவலின் தொடக்கத்தில் டி-503 'நாங்கள்' என்றுதான் பெருமையாகப் பேசுகிறான். வாசித்து முடிக்கும்போது எனக்கு அது 'நாம்' ஆகியிருந்தது.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை, இதில் நான் ஏமாந்திருக்கிறேன். ஜூல்ஸ் வெர்னின் 'ட்வென்ட்டி தௌசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீ' என்ற கடலடிப் பயண நாவலை மலிவாகக் கிடைத்த ஒரு மின்பதிப்பில் வாசித்தேன். சப்பென்று இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது 1870-களில் மெர்சியர் செய்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு, மூலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதில் இல்லை. 'பேட்லேண்ட்ஸ்' என்ற நிலப்பரப்பின் பெயரை 'நெப்ராஸ்காவின் விரும்பத்தகாத பிரதேசம்' என்று பெயர்த்து வைத்திருக்கிறார். புதிய முழு மொழிபெயர்ப்பில் வாசித்தபோது கப்பல் தலைவர் நெமோ வேறு ஆளாகத் தெரிந்தார். (20,000 லீக் என்பது ஆழம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது கப்பல் பயணித்த தூரம், சுமார் 80,000 கிலோமீட்டர்.) 'சொலாரிஸ்' கதையும் இப்படித்தான். 1970-இல் வந்த ஆங்கிலப் பதிப்பு போலிஷிலிருந்து நேரடியாக வந்ததில்லை, பிரெஞ்சு வழியாக வந்தது. லெமுக்கே அதில் திருப்தி இல்லை. போலிஷிலிருந்து பில் ஜான்ஸ்டன் நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு 2011-இல் வந்தது. உங்கள் கையில் இருப்பதில் நாயகியின் பெயர் 'ரேயா' என்றிருந்தால் பழையது, 'ஹாரி' என்றிருந்தால் புதியது. இரண்டையும் வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், புதியதையே தேடிப்பிடியுங்கள்.

இந்த நாவல்களில் பழசாகிப் போவது கருவிகள்தான் என்று நினைத்திருந்தேன். ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' (1951) அந்த எண்ணத்தை மாற்றியது. விண்மீன் மண்டலம் முழுவதும் பரவிய பேரரசின் தலைவர்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டு பேசுவது எனக்கு உறுத்தவே இல்லை. ஏறக்குறைய பெண்களே இல்லாத அந்த முதல் நூல்தான் உறுத்தியது. மனிதர்கள் அறைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள், போர்கள் எங்கேயோ நடந்து முடிகின்றன. பல வருடம் கழித்துத் தன் நூல்களைத் திரும்ப வாசித்த அசிமோவே, ஏதாவது நடக்கும் என்று காத்திருந்ததாகவும் எதுவும் நடக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆனாலும் விடவில்லை. கூட்டமாக மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம், தனி மனிதனைச் சொல்ல முடியாது என்ற அந்த ஒரு யோசனை என்னைக் கட்டி இழுத்தது. இரண்டாம் நூலில் பேய்ட்டா என்ற பெண் வருகிறாள். முதல் நூலோடு நிறுத்தியவர்கள் அவளுக்காகவாவது தொடர வேண்டும்.

ஹைன்லைனின் நாவல்கள் நடுவில் நீளமாக உபதேசம் செய்கின்றன, 3 வாசித்து நிறுத்திக்கொண்டேன். பிலிப் கே. டிக்கை ஒரே மூச்சில் பல நாவல்களாக வாசிக்காதீர்கள், மாதத்துக்கு ஒன்று போதும்.

அர்சுலா லெ குவின் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' (1969) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கெத்தென் கிரக மக்கள் நிரந்தரமாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. லெ குவின் எல்லோருக்கும் ஆங்கிலத்தின் ஆண்பால் 'ஹி'யையே போட்டுவிட்டார், பின்னாளில் அதற்காக வருத்தமும் பட்டார். எனக்கும் எஸ்ட்ராவன் என்ற கெத்தென் பாத்திரத்தை ஆணாகவே கற்பனை செய்யும் பழக்கம் போகவில்லை. ஒரு நாள் நண்பருக்கு இந்தக் கதையைத் தமிழில் சொன்னேன். "எஸ்ட்ராவன் வந்தார், அவர் சொன்னார்" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. பாதிக் கதையில் நண்பர் "அவர் ஆணா பெண்ணா?" என்று கேட்டார். அதுவரை நான் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை! நம்முடைய 'அவர்' எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். ஆனால் முதல் நூறு பக்க அரசியல் மெதுவாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். பிற்பாதியில் இரண்டு பேர் பனிப்பாளத்தின் மேல் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போகும் பகுதிக்காக இதை 3 முறை வாசித்திருக்கிறேன்.

டேனியல் கீஸின் 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' (1966) மட்டும் இரண்டாம் முறை வாசிக்கத் துணிவு வரவில்லை. அறிவுத்திறன் குறைந்த சார்லி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மேதையாகி, பிறகு மெல்ல இழக்கும் கதை. முழுவதும் அவன் எழுதும் அறிக்கைகள்தான். எழுத்துப்பிழைகள் குறையக் குறைய நமக்குச் சந்தோஷம் கூடும். கடைசியில் பிழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். தமிழில் இதை எழுதினால் முதலில் றகரமும் ழகரமும் தடுமாறும், பிறகு சரியாகும், பிறகு ஒரு நாள் 'பழம்' மறுபடி 'பலம்' ஆகும். அந்தப் பக்கத்தை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

கைபேசியில் வாசிப்பது சின்ன நாவல்களுக்கு ஒத்துவருகிறது. வரைபடமும் பின்னிணைப்பும் உள்ளவற்றுக்குக் காகிதம்தான். பின்னட்டைச் சுருக்கத்தை நான் இப்போதெல்லாம் வாசிப்பதே இல்லை, பாதிக் கதையை அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். முன்னுரையைக் கடைசியில் வாசிக்கிறேன். வருடத்துக்கு ஏழு நாவல் என்ற வேகம் எனக்குச் சரியாக இருக்கிறது.

63-ஆவதாக மேசையில் இருப்பது ஓலாஃப் ஸ்டேபிள்டனின் 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' (1930). வரிசையில் எப்போதோ வந்திருக்க வேண்டியது. 200 கோடி வருடம், அடுத்தடுத்து 18 மனித இனங்கள், நாயகன் என்று ஒருவர் இல்லை. முன்பு 40 பக்கத்தில் விட்டதற்கான குறிப்பு எதிரிலேயே இருக்கிறது: "யாரைப் பிடித்துக்கொண்டு போவது என்று தெரியவில்லை." நேற்று மறுபடி தொடங்கினேன். இப்போது மூன்றாம் மனிதர்களிடம் வந்திருக்கிறேன்.