ஹைடல்பெர்க் மார்ஸ்டால் மென்சா: இங்கே உருளைக்கிழங்கும் மீனும் ஒரே விலை

சோறு மலை, கறி கடுகு என்று தட்டு போட்டுப் பழகிய கை, ஹைடல்பெர்க் பழைய நகரத்து மார்ஸ்டால் மென்சாவில் முதல் வாரமே காசை இழக்கும். மென்சா என்றால் மாணவர் உணவகம். ஜெர்மனியில் எல்லாப் பல்கலைக்கழக ஊரிலும் உண்டு. பெரும்பாலான மென்சாக்களில் ‘இன்றைய சாப்பாடு 1, 2, 3’ என்று போட்டிருக்கும், ஒன்றைக் காட்டினால் தட்டில் வைத்துத் தருவார்கள். மார்ஸ்டாலில் பஃபே. வேண்டியதை நாமே எடுத்துத் தட்டை நிரப்பி, கல்லாவில் தராசின் மேல் வைக்க வேண்டும். நூறு கிராமுக்கு இவ்வளவு என்று ஒரே விலை. தட்டில் கிடப்பது மீனா, கிழங்கா, வெள்ளரிக்காயா என்று தராசு பார்ப்பதில்லை.

முதலில் இடத்தைப் பற்றி. நெக்கார் ஆற்றங்கரையில், 16-ஆம் நூற்றாண்டில் ஆயுதக் கிடங்காக இருந்த கட்டடம் இது. ஆற்றுப் பக்கம் தடித்த கல்சுவர், மூலைகளில் கோபுரம். 1693-இல் பிரெஞ்சுப் படை கொளுத்திய நகரம் இது என்பதால், பழைய நகரத்தில் அதற்கு முந்தைய சுவர் நின்றாலே அதிசயம்தான். உள்ளே உயரமான கூடம், நீள மேசைகள். வெளியே முற்றத்தில் புல்வெளி. வெயில் அடிக்கிற நாளில் தட்டோடு அங்கே உட்கார இடம் பிடிப்பதே ஒரு வேலை. பல்கலைக்கழகச் சதுக்கத்திலிருந்து பொடிநடையாக ஐந்து நிமிடம். 1386-இல் தொடங்கிய, இன்றைய ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலைக்கழகத்தில் படிக்கிறோம் என்ற நினைப்பு வருவது இங்கே சாப்பிடும்போதுதான். பாதி வகுப்புகள் நடக்கும் நோயன்ஹைமர் ஃபெல்ட் வளாகத்துக் கான்கிரீட் கட்டடங்களில் அந்த நினைப்பு வராது.

தட்டின் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வரவு செலவு. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதா மாதம் பிரித்து மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904. மாதா மாதம் கைக்கு வருவது அந்த 992 மட்டும்தான். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து இளங்கலை, முதுகலை படிப்பவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். அதை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் 250. (முனைவர் பட்ட மாணவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை.) மாணவர் மருத்துவக் காப்பீடு 140-க்கு மேல். விடுதி அறை 350 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 250 யூரோ. போன், பயணச்சீட்டு, சோப்பு, சாப்பாடு எல்லாம் அதற்குள். ஒரு மதியச் சாப்பாட்டில் இரண்டு யூரோ கூடினால் இருபது நாளில் நாற்பது யூரோ போய்விடும்.

விலை அவ்வப்போது மாறும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நூறு கிராம் ஒரு யூரோ என்று வைத்துக்கொள்வோம். வேகவைத்த உருளைக்கிழங்கு 250 கிராம், அதன் மேல் பழுப்புக் குழம்பு 120, சிவப்பு முட்டைக்கோஸ் 150, ஷ்னிட்சல் எனும் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டு ஒன்று 140. மொத்தம் 660 கிராம், 6.60 யூரோ. அதே ஷ்னிட்சலோடு கொஞ்சம் சோறு 80 கிராம், வறுத்த காய் 120, இலைச் சாலட் 50 என்று எடுத்தால் 390 கிராம், 3.90 யூரோ. வயிறு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சூட்சுமம் இதுதான். வெளியே எது விலை கூடவோ அது இங்கே மலிவு, வெளியே எது மலிவோ அது இங்கே கொள்ளை. மீன் துண்டு, கோழி, சீஸ் சேர்த்த பதார்த்தம், பருப்பு வகை, கொட்டைகள் தூவிய சாலட், இவையெல்லாம் தராசில் லாபம். சோறு, கிழங்கு, பாஸ்தா, தர்பூசணி, தக்காளி, வெள்ளரி நஷ்டம். சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு யூரோவுக்கு வாங்கும் ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை, மூன்று கிலோ சோறாகும். அதே சோற்றை இந்தத் தராசில் வைத்தால் 25 யூரோவுக்கு மேல். ஆகவே நம் வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்: சோற்றை அறையில் சாப்பிடுங்கள், கறியை இங்கே சாப்பிடுங்கள்.

குழம்பு வகைகளில் இன்னொரு வலை. கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டு எடுத்தால் துண்டுகள் வரும். மேலாக மொண்டால் வெறும் க்ரீம் தண்ணீர்தான் வரும், அதுவும் எடைதான். எடுத்த கரண்டியை விளிம்பில் ஒரு நொடி சாய்த்துப் பிடித்தால் முப்பது நாற்பது கிராம் வடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் கஞ்சன் என்று நினைப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம். ஜெர்மன் மாணவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

சுவையைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், உப்பு அளவாக இருக்கும், காரம் கிடையாது. ‘இந்தியக் கறி’ என்று பலகையில் எழுதியிருந்தால் மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால் என்று படித்துக்கொள்ளவும். இந்தப் பக்கத்துச் சமையலில்தான் கை நன்றாக வருகிறது. ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை மாவுத் துண்டுகளை உருக்கிய சீஸும் வறுத்த வெங்காயமும் போட்டுத் தரும் கேஸஷ்பெட்ஸ்லே, காளான் குழம்பில் ரொட்டி உருண்டை, பயறும் ஷ்பெட்ஸ்லேயும் கலந்த ஸ்வாபிய வழக்கம், இவற்றை நம்பி எடுக்கலாம். பயறு வினிகர் போட்டுப் புளிப்பாக இருக்கும். முதல் வாய்க்கு விநோதமாகத் தெரியும், மூன்றாவது முறை தேடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் பெயரை நம்பக் கூடாது. ‘கேஸ’ என்றால் சீஸ் என்று முதல் நாளே கற்றுக்கொள்கிறோம், பிறகு ‘லேபர்கேஸ’ என்ற பலகையைப் பார்த்து ஏமாறுகிறோம். அது அரைத்த இறைச்சியை அச்சில் ஊற்றிச் சுட்டது, பெரும்பாலும் பன்றியும் மாடும். சீஸ் ஒரு துளி கிடையாது. மவுல்டாஷன் பார்க்க நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும், உள்ளே வழக்கமாக இறைச்சி. வறுத்த உருளைக்கிழங்கிலும் புளித்த முட்டைக்கோஸிலும் ஷ்பெக் எனும் பன்றிக் கொழுப்புத் துண்டு கிடக்கலாம். பயறோடு தொத்திறைச்சி வருவதும் வழக்கம். தளதளவென்ற சிவப்பு, பச்சை ஜெல்லி இனிப்பில் ஜெலட்டின் இருக்கும். பலகையில் ‘வேகன்’ அல்லது ‘வெகெட்டாரிஷ்’ என்ற சொல்லோ குறியோ இருந்தால் மட்டும் எடுக்கவும். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் ‘ரிண்ட்’, பன்றி வேண்டாம் என்பவர்கள் ‘ஷ்வைன்’ என்ற சொல்லைத் தேடவும். ‘ஹாக்ஃப்ளைஷ்’ என்று மட்டும் இருந்தால் கொத்துக்கறி, அதில் இரண்டும் கலந்திருக்கலாம். கேட்டால் சொல்வார்கள்.

நேரத்துக்கு வருவோம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் 11 மணி வகுப்பு என்றால் 11.15-க்குத்தான் தொடங்கும். கால் மணி கழித்து என்ற இந்தப் பழைய வழக்கத்தை அட்டவணையில் ‘சி.டி.’ என்று குறித்திருப்பார்கள். அந்த வகுப்பு 12.45-க்கு முடியும். 12.50-க்கு மொத்தப் பழைய நகரமும் தட்டு தூக்கிக்கொண்டு நிற்கும். 12 மணிக்கு முன்னால் போனால் எல்லாப் பாத்திரமும் நிறைந்திருக்கும், வரிசையும் இருக்காது. ஒன்றரைக்கு மேல் போனால் கூட்டம் குறைந்திருக்கும், ஆனால் நல்லவை தீர்ந்து கிழங்கு மிஞ்சும், அதாவது தராசில் நஷ்டமானவை மட்டும். இந்த மென்சாவின் பெரிய பலம் மாலையிலும் திறந்திருப்பது. நூலகத்தில் உட்கார்ந்து களைத்தவருக்குச் சூடான சாப்பாடு கிடைக்கும். செமஸ்டர் விடுமுறையில் நேரம் சுருங்கும், பிப்ரவரி நடுவிலிருந்து இணையதளத்தைப் பார்த்துவிட்டே கிளம்பவும்.

நோயன்ஹைமர் ஃபெல்டில் படிக்கும் அறிவியல், மருத்துவ மாணவர்கள் மதியத்துக்கு இங்கே வர நினைக்க வேண்டாம். ஆற்றைத் தாண்டி வந்து போவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். அங்கேயே சென்ட்ரால்மென்சா இருக்கிறது, தட்டுக்கு விலை, நிறையச் சாப்பிடுபவருக்கு அதுதான் லாபம். பழைய நகரத்திலேயே அளவுச் சாப்பாடு வேண்டுமென்றால் பல்கலைக்கழகச் சதுக்கத்தை ஒட்டிய ட்ரிப்ளெக்ஸ் மென்சா. கிழங்கும் பாஸ்தாவும்தான் இன்று வேண்டும் என்றால் அங்கே போங்கள், மார்ஸ்டாலுக்கு அல்ல.

புதிதாக வந்தவர் தடுமாறுவது கல்லாவில். மாணவர் அடையாள அட்டையே பணப்பையும் கூட. முன்கூட்டிப் பணம் ஏற்றி, அதிலிருந்து கழிப்பார்கள். மாணவர், ஊழியர், விருந்தாளி என்று விலை வேறு வேறு. அட்டை இல்லாமல் போனால் விருந்தாளி விலைதான். பணம் ஏற்ற ஜெர்மன் வங்கி அட்டை இருந்தால் எளிது. அந்த அட்டை வர வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். முகவரியைப் பதிய, வீட்டுக்காரரோ விடுதியோ கையெழுத்திட்ட, நாம் அங்கே குடிபுகுந்ததை உறுதிசெய்யும் கடிதம் வேண்டும். முடக்கக் கணக்குப் பணமும் அந்த ஜெர்மன் கணக்குக்குத்தான் வரும். ஆக, சாவி வாங்கும் அன்றே உறுதிக் கடிதத்தையும் கேட்டு வாங்குவது முக்கியம். முகவரிப் பதிவு குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம். அக்டோபரில் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஊரிலிருந்தே முன்பதிவு செய்துவிடவும். இந்தச் சங்கிலி முடியும்வரை கையில் யூரோ நோட்டு வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் நோட்டு வாங்கிக்கொண்டு அட்டையில் ஏற்றுகிறார்கள் என்று முதல் நாளே கேட்டு வைக்கவும்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை மேசையில் விட்டுவிட்டு எழுந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ட்ரேயோடு கொண்டுபோய்ப் பாத்திரம் திரும்பப் பெறும் இடத்தில் வைக்க வேண்டும். அடையாள அட்டையை ட்ரேயிலேயே விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து. பாட்டிலில் பானம் வாங்கினால் முன்பணம் சேர்த்துத்தான் விலை. தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட். குப்பையில் போட்டால் அந்தக் காசும் குப்பையில்.

பெர்க்ஹைம் பக்கம் தெற்காசிய நிறுவனம் இருக்கிறது. 1962-இல் தொடங்கியது, தமிழும் கற்றுத்தருகிறார்கள். அதனால் வரிசையில் பின்னால் நிற்கும் வெள்ளைக்காரருக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில் எதையும் பேசிவிட வேண்டாம்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஐந்துக்கு நாலு. குறையும் ஒன்று காரம் இல்லாததற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டும் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் கதி, அங்கே விலை கூடுதல். சனிக்கிழமையே அரிசி, தயிர் வாங்கி வைத்தால் பிரச்சினை இல்லை. வட்ட அரிசியான ‘மில்ஷ்ரைஸ்’ என்ற பொட்டலம் பாயசத்துக்கென்று விற்பது, குழைவாக வேகும், தயிர்சாதத்துக்கு அதுவே சரி. பாஸ்மதி உதிரி உதிரியாக நிற்கும். ‘ரோட்ட லின்சன்’ என்பது மைசூர்ப் பருப்பு, குக்கர் இல்லாமலே கால் மணியில் வெந்துவிடும். 3.5 சதவீதக் கொழுப்புள்ள ‘நாட்டூர்யோகுர்ட்’ நம் தயிர் மாதிரிதான், புளிப்பு மட்டும் குறைவு. ஒரு இரவு வெளியே வைத்தால் சரியாகும். ஊரிலிருந்து கொண்டுவரும் ரைஸ் குக்கர் 230 வோல்ட் என்பதால் ஓடும், ஆனால் மூன்று உருண்டைக் குச்சி பிளக் இங்கே நுழையாது. வயர் கழற்றக்கூடிய குக்கர் என்றால் அடாப்டர் தேடாமல் எர்த் உள்ள ஜெர்மன் வயரே வாங்கிவிடுங்கள்.

விடுதிச் சமையலறையில் தாளிப்பதுதான் ஆபத்தான வேலை. கூரையில் புகை உணர்வான் இருக்கும். அது தீயணைப்புத் துறையோடு இணைந்த கட்டடம் என்றால், வெறும் கடுகுப் புகைக்கு வண்டி வந்து நின்று, பில்லும் வரலாம். கண்ணாடித் தளமுள்ள மின் அடுப்பு அணைத்த பிறகும் சில நிமிடம் கொதிக்கும். நம் எரிவாயு அடுப்பு நினைப்பில் அணைத்துவிட்டு வாணலியை அங்கேயே விட்டால் மிளகாய் கருகிப் புகையும். ஜன்னலைத் திறந்து, நடுச் சூட்டில் எண்ணெய் வைத்து, கடுகு போட்டதும் மூடி, முதல் வெடிப்பிலேயே வாணலியைத் தூக்கிச் சூடில்லாத பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். கறிவேப்பிலையும் பெருங்காயமும் அந்த எண்ணெய்ச் சூட்டிலேயே பொரிந்துவிடும். காலியான அடுப்பை அணைத்து, ஏற்கெனவே வெந்த மில்ஷ்ரைஸ் பாத்திரத்தை அதன் மேல் மூடி வைத்தால், மிச்சச் சூட்டில் சாதம் இன்னும் குழையும்.