தேரிக்காடா, ஜெய்சல்மரா, லிவாவா? காரைக்குடியில இருந்து மணல்ல வண்டி ஓட்டக் கெளம்புறவங்களுக்கு

எங்க பங்காளி வீட்டுப் பையன் ஒரு மஹிந்திரா தார் ஜீப் எடுத்தான், பிள்ளையார்பட்டியில பூஜை போட்டு எலுமிச்சம்பழத்துல ஏத்தி எறக்குன அன்னைக்கே அவன் கேட்ட மொத கேள்வி "அண்ணே, மணல்ல எங்கண்ணே ஓட்டுறது?" இப்ப காரைக்குடி தேவகோட்டை பக்கம் நெறைய பேரு இதையேதான் கேக்குறாங்க. நம்ம பக்கம் செம்மண் இருக்கு, கண்மாய் இருக்கு, பொட்டக்காடு இருக்கு, மணல்மேடு கெடையாது. திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு, ராஜஸ்தான்ல ஜெய்சல்மர், அமீரகத்துல லிவான்னு மூணு எடத்துல நான் ஓட்டிப் பாத்துட்டேன், அதை வச்சு சொல்றேன். எந்த எடத்து மணல் ஒசத்தின்னு பாக்குறதை விட, உள்ள போக வழி இருக்கா, அந்த வழி யாரோடது, யாருகிட்ட கேட்டுட்டுப் போகணும்ங்கறதைத்தான் நான் மொதல்ல பாப்பேன்.

கிட்டத்துல இருக்கறது தேரிதான். திருச்செந்தூர் சாத்தான்குளம் பக்கம், குதிரைமொழித் தேரின்னு சொல்வாங்க. விடியக்காலம் கெளம்பி ராமநாதபுரம் தூத்துக்குடி வழியா போனா மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாடி போயிரலாம். அந்தச் செவப்பை மொத தடவை பாத்தப்ப வண்டிய நிறுத்திட்டு பேசாம நின்னுட்டேன், மணல் ஒவ்வொண்ணு மேலயும் இரும்புத் துரு படிஞ்சு வந்த செவப்பு அது, ஆடி மாசக் காத்து அரல்வாய்மொழிக் கணவாய் வழியா வந்து அடிச்சு அடிச்சுக் குவிச்ச மேடு. நடுவுல பனை, முந்திரி, ஒடை மரம்.

அங்கதான் நான் மாட்டுனேன். மானாமதுரையில வைகை மணல்ல ரெண்டு தடவை ஓட்டுன தைரியத்துல, டயர்ல 32 பிஎஸ்ஐ காத்தோட, ஒத்த வண்டியா, ஒரு தோட்டத்துக்காரர்கிட்ட கேட்டுட்டு அவரு தடத்துல போனேன். ஆத்து மணலும் தேரி மணலும் ஒண்ணே இல்ல. நூறு அடி தாண்டல, வண்டி குந்திருச்சு, ஆக்சிலரேட்டர மிதிக்க மிதிக்க அச்சு வரைக்கும் உள்ள போயிருச்சு. ரெண்டு மணி நேரம் கையால மணல் தோண்டுனேன். அப்ப பதநீர் எறக்கிட்டு வந்த ஒரு பெரியவரு பாத்துட்டு "தம்பி, மொதல்ல காத்த எறக்குங்க, இங்க லோடு வண்டிக்காரங்களே காத்த எறக்கிட்டுத்தான் வருவாங்க"ன்னாரு, சொல்லிட்டு சும்மா நிக்கல, காஞ்ச பனை மட்டையா பாத்துப் பொறக்கிட்டு வந்து நாலு சக்கரத்துக்கும் முன்னாடி போட்டாரு. காத்தை 16க்கு எறக்கி, ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரமும் மெதுவா பலமா இழுக்குற கியர் போட்டு, ஸ்டீயரிங்க நேரா வச்சு மெதுவா விட்டேன், வந்துருச்சு. மணல்ல ஓட்டுறதுக்கு நான் படிச்ச பாடம் மொத்தமும் அந்தப் பெரியவரு சொன்ன ஒரு வார்த்தையிலதான் ஆரம்பிச்சுது.

ஆனா தேரிய ஓட்டுற எடமா நான் சொல்ல மாட்டேன், போய்ப் பாக்குற எடமாத்தான் சொல்லுவேன். காரணம், அதுல பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாம உள்ள வண்டி விட்டா தமிழ்நாடு வனச் சட்டம் 1882 படி குத்தம். மிச்சம் இருக்கறது பட்டா நெலம், ஒருத்தரோட பனையும் முந்திரியும். அந்த மரமெல்லாம் மணல் பறந்து ஊருக்குள்ள வராம புடிச்சு வச்சிருக்கு, சின்னச் செடி மேல டயர் ஏறுனா அந்த எடத்துல மணல் திரும்ப அவுந்துரும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் வரைக்கும் ரோட்டுல போங்க, அவ்வளவு மணலுக்கு நடுவுல ஒரு சுனை, கும்பிட்டுட்டு செருப்ப கழட்டிட்டு சாயங்கால வெயில்ல மணல்ல நடங்க. அது போதும் அங்க.

ஜெய்சல்மர் வேற கதை. காரைக்குடியில இருந்து ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர், சொந்த வண்டியில நாலு நாள் ஆகும். எல்லாரும் போறது சாம் மணல்மேடு, ஊர்ல இருந்து 40 கிலோமீட்டர். சாயங்காலம் அங்க ஒட்டகமும் ஜீப்பும் ஆளுமா நம்ம ஊரு மஞ்சுவிரட்டுத் திடல் மாதிரி நெரியும், அந்தக் கூட்டத்துல மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கிறாங்கன்னே தெரியாம ஜீப்ப தூக்கிப் போடுறாங்க, எனக்கு அது புடிக்கல, பயமாவும் இருந்துச்சு. தென்மேற்கால குரி கிராமம் பக்கம் போனா அமைதி, கிராமத்து ஆளு ஒருத்தரை வண்டியில ஏத்திக்கிட்டா எது வழி எது மேய்ச்சல் நெலம்னு அவரே சொல்லுவாரு.

அந்த ஆளு கண்டிப்பா வேணும். ஏன்னா அங்க ஒரு பெரிய பரப்பு பாலைவன தேசியப் பூங்கா, 3,162 சதுர கிலோமீட்டர், கானமயிலோட கடைசி வீடு. அந்தப் பறவை தரையிலதான் முட்டை போடும், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. உலகத்துலயே சுமார் 150தான் மிச்சம்னு சொல்றாங்க, அதுல ஒரு முட்டை நம்ம டயருக்கு அடியில போச்சுன்னா? அப்புறம் ஓரண்னு ஒண்ணு உண்டு, சாமிக்கு விட்ட காடு, யாரும் மரம் வெட்ட மாட்டாங்க, நம்ம அய்யனார் கோயில் காடு மாதிரியே. நமக்கு அதை வெளக்கவே வேண்டாம், பாத்தாலே புரியும். வடக்கால தனோட் கோயில் வரைக்கும் தார் ரோடு இருக்கு, எல்லைக்குக் கிட்ட போக தனி அனுமதி வேணும், ரோட்ட விட்டு எறங்கி விளையாடுற எடம் இல்ல அது. நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, மே மாசம் 45 டிகிரி தாண்டும்.

குஜராத்துல இருக்கற கட்ச் வெள்ளை ரண்ணையும் சில பேரு இதுல சேக்குறாங்க. பாக்க அழகு, ஓட்ட ஆகாது. மேல உப்பு, அடியில சேறு, நம்ம கண்மாய் காஞ்ச மாதிரி தெரிஞ்சு உள்ள எறங்குனா வாங்குற அதே கதை.

லிவா, இல்லைன்னா பொதுவா அமீரகம். திருச்சியில ஏறுனா நாலு மணி நேரத்துல துபாய், நம்ம பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவுல இருக்காங்க, தங்குறதுக்குக் கவலை இல்ல. நான் போனப்ப ஆச்சி மக வீட்டுல தங்குனேன், ஊர்ல இருந்து கொண்டுபோன சீப்பு சீடையும் மாவுருண்டையும்தான் பாலைவனத்துல எல்லாருக்கும் டிபன். மொத நாளு பதாயர், ஷார்ஜாவுல வரும், பிக் ரெட்னு சொல்ற மேடு, அதுவும் தேரி மாதிரி இரும்புச் செவப்புதான், ஊரு ஞாபகம் வந்துருச்சு. லிவா அபுதாபிக்குத் தெக்க, ரூப் அல் காலிங்கற பெரிய அரேபியப் பாலைவனத்தோட ஓரம், அங்க தல் மோரீப்ங்கற மேடு சுமார் 300 மீட்டர் ஒசரம், கீழ நின்னு பாத்தா கழுத்து வலிக்கும். புதுசா கத்துக்கறவங்க அது பக்கமே போக வேண்டாம்.

கத்துக்க அமீரகம்தான் நல்ல எடம், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. மணல் பரப்பு கண்ணு எட்டுற தூரம், முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்னு அனுபவப்பட்டவங்க கூட்டமா போறாங்க, கொடி கட்டி, ரேடியோ வச்சு. மேட்டுல ஏறும்போது நேரா ஏறணும், எறங்கும்போதும் நேரா எறங்கணும், குறுக்க திருப்புனா உருளும்னு அங்கதான் எனக்கு ஒடம்புல ஏறுச்சு. காலையில மணல் குளுந்து கெட்டியா இருக்கும், மத்தியானம் பொலபொலன்னு ஆயிரும். கவனிக்க வேண்டியதும் இருக்கு: வாடகை வண்டிய மணல்ல எறக்குனா பெரும்பாலும் இன்சூரன்ஸ் கெடையாது, அக்ரிமென்ட படிங்க. நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துக்கங்க. வேலி போட்ட காப்பகத்துக்குள்ள நொழையக்கூடாது, துபாய் பாலைவனக் காப்பகம் மட்டுமே 225 சதுர கிலோமீட்டர், அனுமதி வாங்குன கம்பெனி வண்டியில மட்டும்தான் போலாம். மழைக்காலத்துல வெள்ளம் ஓடுற வாடிக்குள்ள, அதாவது அங்கத்த காட்டாத்துக்குள்ள வண்டிய விட்டா 2,000 திர்ஹாம் அபராதம், வண்டிய 60 நாள் புடிச்சு வச்சுருவாங்க.

வண்டிய பத்தி ஒண்ணு ரெண்டு. மாருதி ஜிம்னி 1,200 கிலோதான், மணல்ல லேசா இருக்கறது பெரிய வரம், தார் கனம் கூட ஆனா இழுவை அதிகம். எனக்கு மணல்ல ஜிம்னி புடிக்கும். தார் வாங்குறவங்க கடையில தெளிவா கேளுங்க, பின் சக்கரம் மட்டும் இழுக்குற மாடலும் 2023ல இருந்து இருக்கு, பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், மணலுக்கு அது வேண்டாம். எடுத்துட்டுப் போக வேண்டியது: காத்து அடிக்கிற கம்ப்ரசர் ஒண்ணு, காத்து அளக்குற கேஜ், மம்பட்டி, இழுக்குற பட்டை, ஆளுக்கு அஞ்சு லிட்டர் தண்ணி, ரெண்டாவது வண்டி. கம்ப்ரசர் இல்லாம காத்த எறக்கிட்டு அப்படியே தார் ரோட்டுல வேகமா வந்தீங்கன்னா டயர் சூடேறி வெடிக்கும்.

பங்காளி வீட்டுப் பையன்கிட்ட நான் சொன்னது இதுதான்: மொதல்ல அத்தான் இருக்காரு ஷார்ஜாவுல, அங்க போய் ஒரு வாரம் கத்துக்க, அப்புறம் மார்கழியில ரெண்டு வண்டியா குரிக்குப் போவோம். தேரிக்கு பங்குனி உத்திரத்துக்குப் போறோம், வீட்டுல ஆச்சிய முன் சீட்டுல உக்கார வச்சு, தார் ரோட்டுலயே. அந்தப் பெரியவரு இன்னும் பனை ஏறுறாரான்னு பாக்கணும், அவருக்கு ஒரு டப்பா அதிரசம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்.