கிராலர் கிட், நீண்ட பாவனைக்குப் பிறகு: பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூவைப் பற்றி

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர் ஒருவர் போன கிழமை கேட்டிருந்தார்: "மச்சான், அந்த கிட் விலை குறைஞ்சிருக்கு. எடுக்கட்டா?" அவர் கேட்டது கிராலரை, அதாவது ரிமோட்டால் ஓட்டி மெதுவாகப் பாறைகளில் ஏற்றுகிற, நாமே பூட்டிக்கொள்ளும் சின்ன ஜீப்பை. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் அது நீண்டுகொண்டே போகிறது. வேறு சிலரும் இதையே கேட்பதால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். பத்தில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, 540 மோட்டர் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள், அதை விடுவோம். கம்பனியின் பெயரும் வேண்டாம். நான் திட்டப்போகும் சாமான் இந்த வகை வண்டிகள் பலவற்றில் இருக்கிறது.

அதுதான் கிரப் ஸ்க்ரூ. தலை இல்லாத, எம்3 அளவில், ஓர் அரிசிமணியை விடக் குட்டையான இரும்புத் துண்டு. கியர் பெட்டியிலிருந்து முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்டுகளின் ஒவ்வொரு முனையையும் பிடித்துவைத்திருப்பது இது மட்டும்தான். உள்ளே இருக்கும் அச்சின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவி, அந்தத் தட்டையில் ஸ்க்ரூ போய் அழுந்தும்படி செய்திருக்கிறார்கள். கிட்டோடு வரும் படத்தைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாறையில் ஏற்றினால்தான் தெரியும். முன்னுக்கு ஓர் இழுப்பு, வழுக்கினால் பின்னுக்கு ஓர் இழுப்பு, திரும்பவும் முன்னுக்கு. இழுக்கிற ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூவின் அடியில் அச்சு மயிரிழை அளவுக்கு அசையும். அசைய அசைய ஸ்க்ரூ இளகும். இளகியதும் "டிக், டிக்" என்று சத்தம் போடும். அதைக் காதில் வாங்காமல் ஓட்டினால் முன் சக்கரங்கள் சும்மா நிற்கும், பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும், ஏறிக்கொண்டிருந்த வண்டி மல்லாந்து விழும்.

கித்துல்கலவில் களனி கங்கை ஓரமாக ஆறு உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய பெரிய பாறைகள் கிடக்கின்றன. கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். கிராலர் வைத்திருப்பவனுக்கு அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. போன சனிக்கிழமை அங்கேதான் "டிக், டிக்" கேட்டது. வண்டியைத் தூக்கிக் கவிழ்த்து, அடித்தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஷாஃப்டை விரலால் மெல்ல உருட்டி, அந்தக் குட்டிச் சனியன் மேலே வரும்வரை காத்திருந்து 1.5 மி.மீ. எலன் கீயை உள்ளே விட்டால், கீ வழுக்குகிறது. கீ நுழையும் குழியின் ஆறு மூலையும் தேய்ந்து வட்டமாகிவிட்டது. முழுக்க இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. வீட்டுக்கு வந்து சற்றுப் பெரிய டொர்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் ஒன்றைத் தட்டி இறக்கித்தான் வெளியே எடுத்தேன். அதற்குள் எனக்கு இருந்த கோபத்தில் வண்டியை மரைன் டிரைவ் தாண்டிக் கடலுக்குள் போட்டிருப்பேன்.

இளகாமல் இருக்க ஸ்க்ரூவைப் பிடித்துவைக்கும் நீல லாக்டைட் பசை போடச் சொல்வார்கள். சொல்வது சரிதான், அதில் 243 என்ற இலக்கம் உள்ளதைப் போட்டால் நிற்கும். ஆனால் அது காற்றுப்படாத இடத்தில், உலோகத்தோடு உலோகம் தொடும்போது இறுகுகிற பசை. தொழிற்சாலையில் பூசி அனுப்பிய எண்ணெய்ப் பிசுக்கை அல்கஹோலால் நன்றாகத் துடைத்துவிட்டுப் போட்டால்தான் அதன் முழுப் பிடியும் கிடைக்கும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் வழிந்தால் சில வகைப் பிளாஸ்டிக் வெடித்துப்போகும். ஆகவே குச்சி முனையில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பிறகு கழற்ற நேர்ந்தால் சோல்டரிங் அயனைக் கொஞ்ச நேரம் ஸ்க்ரூவில் வைத்துச் சூடாக்கிவிட்டுத் திருப்புங்கள். சூடாக்காமல் முரட்டுத்தனமாகத் திருப்பினால் திரும்பவும் அதே வட்ட ஓட்டைதான். இந்த ஒரு பந்தியில் உள்ளதைக் கையேட்டில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கிட்டோடு வருகிற எலன் கீ வேறு மாவு போல மென்மையான இரும்பு. அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

புது ஸ்க்ரூவுக்கு வெளிநாட்டுக் கடையில் கேட்டால் ஸ்க்ரூவின் விலையை விடக் கூரியர் காசு பல மடங்கு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக் சாமான் விற்கும் கடையொன்றில் வேறெதற்கோ நின்றபோது, முப்பரிமாணப் பிரிண்டருக்குப் பூட்டுகிற சின்னப் பல் கப்பி ஒன்று கண்ணில் பட்டது. அதன் கழுத்தில் அதே எம்3 கிரப் ஸ்க்ரூ! கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து கொஞ்சம் அள்ளிக் கடதாசியில் மடித்துத் தந்தார். "தம்பி, இதுக்கெல்லாம் பில் போட ஏலாது, கொண்டு போங்க." இந்த வண்டியைப் பூட்டத் தொடங்கியதிலிருந்து எனக்கு யாரும் இலவசமாகத் தந்த ஒரே பாகம் அதுதான். வாங்கும்போது கறுப்பு எஃகா ஸ்டெயின்லெஸா என்று மட்டும் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் மூலை சீக்கிரம் தேயும். கறுப்பு உறுதியானது, ஆனால் கடற்கரைக்குக் கொண்டுபோய்விட்டுக் கழுவாமல் வைத்தால் செம்பழுப்பாகிவிடும். நான் கறுப்பைத்தான் போடுகிறேன், கடற்கரையைத் தவிர்க்கிறேன். கல்கிசை மணலில் ஒரு மாலை ஓட்டினாலே உப்பு பேரிங் வரைக்கும் போய்விடும். மோட்டரின் காந்தத்தில் ஒட்டும் கரும்பொடியைப் பிரஷால் எடுத்து முடிய ஓர் இரவு போய்விடும்.

இவ்வளவு திட்டுகிறவன் ஏன் இன்னும் வைத்திருக்கிறான் என்றால், இது ஓடுகிற அழகு அப்படி. வேகமாக ஓடும் வண்டி வேண்டுமென்றால் ட்ராக்ஸாஸ் ஸ்லாஷ் மாதிரி ஒன்றை எடுத்து மைதானத்தில் விரட்டலாம். கிராலர் நடை வேகத்தைத் தாண்டினாலே அதிகம். உள்ளே கம்பியை 35 சுற்றுச் சுற்றிய மோட்டர். கம்பிச் சுற்று கூடக்கூட ஓட்டம் மெதுவாகும், விசையைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தலாம். இரண்டு அச்சிலும் டிஃபரன்ஷியல் பூட்டியே, அதாவது இரு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி, இருப்பதால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் எதிர்ச்சக்கரம் பிடித்து இழுக்கும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக் கடைசியில் வீடு இடித்துப் போட்ட வெற்றுக்காணி ஒன்று உண்டு. அங்கே சரிந்து கிடக்கும் கபுக் கல் (செம்பாறைக் கல்) குவியலில் இதை ஏற்றிப் பார்க்க வேண்டும். முன் டயர் கல்லின் விளிம்பைத் தொடுகிறது, ரப்பர் நசுங்கி விளிம்பைக் கவ்வுகிறது, ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு முழு வண்டியும் மூச்சுப் பிடித்த மாதிரி மேலே எழுகிறது. முன்னச்சின் இரண்டு முனையிலும் பித்தளை நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் துண்டு) போட்ட பிறகு இது இன்னும் நன்றாக இருக்கிறது. எடை கீழேயும் முன்னாலும் இருந்தால் மூக்குத் தூக்காது. முன்னுக்கு அறுபது, பின்னுக்கு நாற்பது என்று எடையைப் பகிர்வதை இந்த விளையாட்டில் பலர் கடைப்பிடிக்கிறார்கள். நான் மாற்றிய பாகங்களில் போட்ட காசுக்கு மறுபேச்சில்லாமல் வேலை செய்தது இந்தப் பித்தளை மட்டும்தான்.

மற்றவை சுருக்கமாக. ஸ்டியரிங்குக்குப் பெரிய சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டர்) போட்டால், ஓட்ட மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலருக்குள் இருக்கும் சின்ன மின்சப்ளை தாங்காது. சக்கரம் கல்லிடுக்கில் இறுகும்போது சர்வோ மின்னை உறிஞ்ச, ரிசீவர் அணைந்து அணைந்து எரியும். சர்வோவுக்கென்று தனி மின்சப்ளை (பெக்) ஒன்று போட்டால் தீர்ந்தது. உடல் பொலிகார்பனேட் என்பதால் உட்புறமாகத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடை ஸ்ப்ரே உரிந்துவிடும். டாமியா கம்பனியின் பிஎஸ் வரிசை ஸ்ப்ரே இதற்கென்றே வருவது, டிஎஸ் வரிசை கெட்டி பிளாஸ்டிக்குக்கு, மாறி வாங்கிவிடாதீர்கள். மலையகத் தோட்டங்களில் பார்த்த பழைய லேண்ட் ரோவரின் பச்சையை எனக்கு ஓரளவு பிடிக்க முடிந்தது. பற்றரியைப் பொறுத்தவரை, லிப்போவை (ஒரு வகை லித்தியம் பற்றரி) தனியாக விமானத்தில் எடுப்பிப்பது கரைச்சல். 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானங்களில் தனி லித்தியம் அயன் பற்றரிகளைச் சரக்காக ஏற்றத் தடை. உள்ளூரில் கிடைப்பதை வாங்கி, ஓட்டாத நாட்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்தால் நீண்ட நாள் வரும்.

இனி விலை. அது குறைந்தது டொலர் கணக்கில்தான். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் அந்த மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இப்போது அந்த உச்சத்தில் இல்லை என்றாலும் பழைய இடத்துக்குத் திரும்பவும் இல்லை. அதன் மேல் கூரியர், சுங்கம், 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி. "விலை குறைஞ்சிருக்கு" என்று சொல்பவர்கள் வீட்டு வாசலுக்கு வரும் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். நிஜ ஜீப்போடு ஒப்பிட்டால் மலிவு என்று ஒரு வாதம் இருக்கிறது. 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதியே நின்றிருந்த ஊரில், பழைய பிராடோவுக்குச் சொன்ன விலையைக் கேட்டவர்களுக்கு எதுவும் மலிவுதான். மனைவியிடம் அந்த வாதம் எடுபடவில்லை.

ஆக, எடுக்கலாமா? பாறையில் இதைப் போல ஏறும் வண்டி இந்த விலையில் நான் பார்க்கவில்லை. ஆனாலும் இந்தக் கிழமை என்னிடம் கேட்டால் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இவ்வளவு கவனமாகக் கியர் வெட்டத் தெரிந்தவர்களுக்கு, ஷாஃப்டுக்குக் குறுக்கே துளை போட்டு ஒரு பின் செருகத் தெரியாதா? சில கம்பனிகள் அப்படிச் செய்கின்றன, அவற்றில் இந்த வியாதி இல்லை. அதற்குக் கூடுதலாகக் கேட்கிற காசைக் கொடுங்கள். இல்லை, இதேதான் வேண்டும் என்றால், கிட்டை ஓர்டர் பண்ணும் முன்பு நல்ல 1.5 மி.மீ. கீ ஒன்றும் ஒரு சின்னக் குப்பி 243ம் வாங்கி வையுங்கள். பெட்டி வந்ததும் ஷாஃப்டின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றித் துடைத்துப் பசை போட்டுப் பூட்டுங்கள், அப்புறம் மற்றதைப் பாருங்கள். என்னுடையது விற்பனைக்கு இல்லை.